பைக்கட்டில் ஏறும் நெகிழி

சட்டத்தால் தடுக்கவியலாத குப்பை ஒன்று உண்டெனின், அது பெற்றோர் தம் கையாலேயே விரும்பி வாங்கித் தம் பிள்ளையின் தோளில் ஏற்றி அனுப்பும் குப்பையே ஆகும். ஆண்டுதோறும் சூன் திங்களில் பள்ளிகள் திறக்குங்கால் தமிழகமெங்கும் இது நிகழ்கின்றது. ஆயினும், நீலமலை மாவட்டத்தில் கோத்தகிரியை அடுத்த கட்டபெட்டு போலும் ஊர்களில் இது நிகழ்வது ஏனை ஊர்களினும் மிகுதியாக வருந்தத் தக்கது. நெகிழிக்கு எதிரான முயற்சி ஏனை மாவட்டங்களில் பேச்சளவிலும் இல்லாத காலத்திலேயே அங்குத் தொடங்கப்பெற்றது. முன்னே தொடங்கிய மலையே பின்தங்குமாயின், அதனைப் பார்த்து எழுந்த சமவெளி எங்ஙனம் முன்னேறும்?

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், சுப்ரியா சாகு மாவட்ட ஆட்சியராக இருந்த காலத்தில், நெகிழிப்பைகளை நீலமலையினின்று விலக்கும் பணி மக்கள் இயக்கமாகவே நடத்தப்பெற்றது. பின்னர் 2019 சனவரி முதல் நாளிலிருந்து, ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை நெகிழிப் பொருள்களுக்குத் தமிழகம் முழுவதும் தடை வந்தது. அவ்வாண்டிலேயே நீலமலையில் நெகிழிக் குடிநீர்ப் புட்டில்களும் தடைசெய்யப்பெற்றன. சாலையோரங்களில் குடிநீர் வழங்கும் பொறிகள் நிறுவப்பெற்றன. 2021 திசம்பர் 23-ஆம் நாள் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தமிழக அரசு தொடங்கியது. 2022 சூலை முதல் நாள் இந்திய ஒன்றியம் முழுவதும் ஒருமுறை நெகிழிகள் பலவற்றுக்குத் தடை வந்தது. ஆக, சட்டத்திற்குக் குறைவில்லை.

ஆனால், அச்சட்டங்கள் சுட்டும் பொருள்கள் யாவை? தூக்குப்பை, குவளை, தட்டு, உறிஞ்சுகுழல், உணவு சுற்றும் தாள், கொடி முதலியனவே. பாடநூலுக்கு இடும் கண்ணாடி போன்ற நெகிழியுறை அப்பட்டியல்களில் இல்லை. மை தீர்ந்ததும் எறியப்படும் பந்துமுனைத் தூவல் இல்லை. மினுக்குப் பெயரொட்டி இல்லை. படம் அச்சிட்ட நெகிழிப்பெட்டி இல்லை. மேட்டுப்பாளையத்தினின்று குஞ்சப்பனை வழியாகக் கோத்தகிரிக்கு ஏறும் வண்டியில் ஒரு நெகிழிப்பை இருப்பின் காவலர் அதனைப் பறிக்கலாம். அவ்வண்டியிலேயே பள்ளிப் பொருளென்னும் பெயரில் ஏறும் நெகிழியை எவரும் தடுப்பதில்லை. சட்டத்தின் எல்லை முடியும் அவ்விடத்தில்தான் பெற்றோரின் பொறுப்பு தொடங்குகின்றது.

அங்ஙனம் ஏறிய பொருள் எங்கே செல்கின்றது? மலையில் ஏறிய நெகிழி தானாக இறங்குவதில்லை. ஆண்டிறுதியில் கிழிந்த உறையும், உடைந்த பெட்டியும், வற்றிய தூவலும் தேயிலைச் சரிவின் ஓரத்தில் கொட்டப்படுகின்றன. அல்லது குளிர்காயும் தீயில் இடப்பட்டு நச்சுப்புகையாகின்றன. காட்டுத்துறையின் சரகம் ஒன்று கட்டபெட்டின் பெயராலேயே வழங்குகின்றது. பழந்தமிழர் ஆமா என்றழைத்த காட்டுமாடுகள் அப்பகுதியின் தேயிலைத் தோட்டங்களில் மேய்வது நாள்தோறும் காணும் காட்சி. குப்பையில் கிடக்கும் உணவின் மணத்தால் ஈர்க்கப்பட்டு அவை நெகிழியையும் சேர்த்து விழுங்குகின்றன. எஞ்சியதை மழைநீர் ஓடைகளில் தள்ளுகின்றது. நீலமலையின் கிழக்குச் சரிவு ஓடைகள் பவானியிலும் மோயாற்றிலும் கலக்கின்றன. அவ்விரண்டும் பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் கூடுகின்றன. அந்நீர் பின்னர்க் காவிரியை அடைகின்றது. எனவே கட்டபெட்டுப் பிள்ளையின் பைக்கட்டுக்கும் சோழநாட்டு உழவனின் வாய்க்காலுக்கும் இடையே உள்ள தொலைவு பலர் நினைப்பதினும் குறைவே.

தமிழர் எழுத்துக்கும் கல்விக்கும் பயன்படுத்திய பொருள்களின் பெயர்களை எண்ணிப் பார்த்தல் இங்கே தகும். ஏடு என்பது பூவிதழையும் குறிக்கும், பனையோலையையும் குறிக்கும். இதழ் என்பது மலரின் உறுப்பு. மடல் பனையினுடையது. தாள் என்பது நெல் முதலிய பயிர்களின் தண்டு. நூல் என்பது பஞ்சினின்று திரித்த இழை. தூவலோ பறவையின் இறகு. கற்போன் கைக்கொண்ட பொருளெல்லாம் மண்ணினின்று தோன்றி மண்ணுக்கே மீள்வனவாக இருந்தன என்பதற்கு இச்சொற்களே சான்று. பிற்காலத்தில் வந்த கற்பலகையைக்கூடச் சிற்றூர்ப் பிள்ளைகள் கோவையிலையும் அடுப்புக்கரியும் தேய்த்துக் கருமையாக்கிக் கொண்டனர். அதற்கென ஒரு பொருளும் கடையில் வாங்கவில்லை. 'சுற்றுச்சூழலுக்கு இணக்கமான வாழ்வு' என்று அயல்நாட்டார் இன்று புதிதாகக் கண்டதுபோற் பேசுவது, தமிழர் வீட்டில் பெயரிடப்படாமலே வழங்கிய சிக்கனமேயன்றி வேறன்று.

ஆதலால் பள்ளித்திறப்பு முன்னேற்பாடு கடைத்தெருவில் தொடங்குவதன்று. வீட்டுப் பரணில் தொடங்குவது. மே திங்களின் இறுதியில் பெற்றோரும் பிள்ளைகளும் ஒருநாள் அமர்ந்து, சென்ற ஆண்டுப் பொருள் அனைத்தையும் வெளியே எடுத்து மூன்றாகப் பிரித்தல் வேண்டும்: அப்படியே பயன்படுவன, பழுது நீக்கினால் பயன்படுவன, பயன்படாதன. இதனைச் செய்யாமல் கடைக்குச் செல்பவர் இருப்பதையே மீண்டும் வாங்குவர். ஐந்து பழைய குறிப்பேடுகளில் ஏட்டுக்கு 20 தாள் எழுதப்படாமல் எஞ்சியிருப்பின், மொத்தம் 100 தாள், அதாவது 200 பக்கம் கிடைக்கும். அவற்றைப் பிரித்தெடுத்து, அளவொத்து அடுக்கி, முதுகில் துளையிட்டுத் தடித்த நூலால் தைத்துவிட்டால் கணக்குப் போட்டுப் பார்க்கும் ஏடு ஒன்று செலவின்றி அமைந்துவிடும். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையினின்று தாள் செய்யும் அரசு ஆலை 1984 முதல் இயங்கி வருவது உண்மையே. எனினும், சக்கையினின்று செய்த தாளாயினும் அதனைக் கூழாக்க நீர் வேண்டும், காய்ச்ச வெப்பம் வேண்டும். எழுதாது எறியும் ஒவ்வொரு தாளும் அவ்வளவையும் வீணாக்குகின்றது.

நூலுறைக்கு வருவோர் உடனே ஒரு தடை சொல்வர்: "இது மழையூர்; தாளுறை நனைந்து கிழியும்" என்பர். அது புறந்தள்ளத் தக்க சொல்லன்று. கோத்தகிரிப் பகுதிக்கு ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் வடகிழக்குப் பருவமழை மிகுதியாக உண்டு. 2009 நவம்பரில் பெய்த பெருமழையால் குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் நிலம் சரிந்து பல உயிர்கள் மாண்டதை அம்மக்கள் மறந்திலர். ஆயினும், மழையினின்று காக்க வேண்டியது பைக்கட்டையேயன்றிப் பத்துச் சுவடிகளைத் தனித்தனியே அன்று. பைக்கட்டை மூடுமளவு அகன்ற மழைச்சட்டையோ குடையோ ஒன்றிருப்பின் உள்ளிருக்கும் யாவும் நனையா. உறைக்குப் பழுப்புத்தாளோ, பழைய நாட்காட்டியின் தடித்த தாளோ போதும். பெயர் எழுதிய துண்டுத்தாளைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டி, எழுத்தின்மேல் மெழுகுதிரியைத் தேய்த்துவிட்டால் ஈரம் பட்டும் மை கலையாது. ஐப்பசியில் உறை கிழிந்தால் மீண்டும் ஒன்று இடுவது அரை நாழிகைப் பணி. நெகிழியுறையோ பாடநூல் பழங்கடைக்குப் போன பின்னும் மண்ணில் கிடக்கும்.

பந்துமுனைத் தூவலில் மை தீரின் மைக்குழலை மட்டும் மாற்றலாம். மேல்வகுப்புப் பிள்ளைகட்கு மையூற்றும் தூவலே ஏற்றது. அது கையெழுத்தையும் திருத்தும். பைக்கட்டின் வார் அறுந்தால் தைப்பவரிடம் கொடுத்தால் ஓராண்டு மீளும். குட்டையான சீருடை தம்பிக்கோ தங்கைக்கோ ஆகும். எவர்க்கும் ஆகாத காற்சட்டைத் துணி உணவுத்தூக்கு வைக்கும் பையாகும். மலைக்குளிரில் சுடுசோறு கொண்டு செல்ல எவர்சில்வர் தூக்கினும் சிறந்தது வேறில்லை. பாடத்திட்டம் மாறாத ஆண்டுகளில், விலைகொடுத்து நூல் வாங்கும் பள்ளிப் பிள்ளைகளின் பாடநூல்களும் கைமாறலாம்.

இங்கே ஒரு புதிய ஏமாற்றையும் சுட்டுதல் வேண்டும். 'பசுமைப் பொருள்' என்னும் முத்திரையிட்டு, விதை பொதிந்த கரிக்கோலும் மூங்கிற் பெட்டியும் இருமடங்கு மும்மடங்கு விலைக்கு இக்காலத்து விற்கப்படுகின்றன. நன்றாக இருக்கும் பழைய பெட்டியை எறிந்துவிட்டு மூங்கிற் பெட்டி வாங்குபவர் மலைக்கு நன்மை செய்தவராகார். குப்பையில் ஒன்று கூட்டியவரே ஆவர். வீட்டில் உள்ளது நெகிழிப்பெட்டியே ஆயினும், அது முற்றிலும் பழுதாகும்வரை பயன்படுத்துதலே சூழலுக்கு இணக்கமானது. வாங்காமை முதற்கடன்; பழுதுநீக்கல் இரண்டாவது; இன்றியமையாதபோது நெடுநாள் உழைக்கும் பொருளை வாங்குதல் மூன்றாவது. இவ்வரிசையை மாற்றினால் பசுமையும் ஒரு வணிகச் சரக்காகவே முடியும்.

மலையின் நலமும் வீட்டின் நலமும் இதில் ஒன்றே. கட்டபெட்டில் கூட்டுறவுத் தேயிலை ஆலை உண்டு. அப்பகுதியின் படகர் அட்டிகளில் வாழ்வோர் பெரும்பாலும் சிறு தேயிலை உழவர். பசுந்தேயிலைக்கு உரிய விலை வேண்டி 2023 செப்டம்பரில் கோத்தகிரிப் பகுதியில் அவர்கள் உண்ணாநிலைப் போராட்டம் நடத்த நேர்ந்தது. தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் கூலித் தமிழரின் நிலையோ அதனினும் எளியது. இத்தகையோர் சூன் திங்களில் கடன்பட்டுப் பொம்மைப் படம் போட்ட பைக்கட்டு வாங்குவது எவருக்கு ஊதியம்? அரசுப் பள்ளிப் பிள்ளைகட்குப் பாடநூல், குறிப்பேடு, சீருடை, பைக்கட்டு, காலணி ஆகியவற்றை அரசே விலையின்றி வழங்குகின்றது. மலைப்பகுதிப் பிள்ளைகட்குக் கம்பளிச்சட்டையும் தருகின்றது. அவற்றை வைத்துக்கொண்டே மேலும் வாங்கச் செய்வது தேவையன்று. ஆங்கிலப் பள்ளிப் பிள்ளையைப் பார்த்து எழும் ஏக்கமே.

அவ்வேக்கத்தை இகழ்வதாற் பயனில்லை. பழைய பைக்கட்டோடு வரும் பிள்ளையை ஏனைப் பிள்ளைகள் நகைப்பரே என்று தாய் அஞ்சுவது இயல்பு. அந்நகைப்பு பிஞ்சு உள்ளத்தைப் புண்படுத்தும் என்பதும் மெய். அதனை நீக்க வல்லவர் ஆசிரியரே. சில பள்ளிகள் தாமே நெகிழியுறை இட்டு வருக, இன்ன நிறுவனத்துச் சுவடியே வாங்குக என்று பட்டியல் கொடுக்கின்றன. அத்தகைய பள்ளி, சுற்றுச்சூழல் நாளன்று மரக்கன்று நடுவதால் என்ன பயன்? தேவையான பொருள்களின் சிறு பட்டியலை மே திங்களிலேயே பள்ளி அறிவித்தல் வேண்டும். தாளுறையே ஏற்கப்படும் என்று சொல்லுதல் வேண்டும். முதல்நாள் வகுப்பில், தைத்த ஏட்டையும் செப்பனிட்ட பையையும் ஆசிரியர் எடுத்துக்காட்டிப் பாராட்டுதல் வேண்டும். ஆசிரியர் மதித்த பொருளை மாணாக்கர் நகையார்.

இதற்கு அரசாணை வேண்டுவதில்லை, நன்கொடை வேண்டுவதில்லை. ஒவ்வோர் அட்டியிலும், ஒவ்வொரு தோட்டக் குடியிருப்பிலும், பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிறன்று ஊரார் கூடும் இடத்தில் பைகளையும் சீருடைகளையும் நூல்களையும் வைத்து, வேண்டியவர் வேண்டியதை எடுத்துக்கொள்ளச் செய்தால் போதும். தையற்பொறி வைத்திருப்பவர் ஒருவர் அன்று வந்து உதவினால் வேலை எளிதாகும்.

பெட்டு என்பது படகர் மொழியில் மலையைக் குறிக்கும் சொல். மலையைத் தன் பெயரிலேயே தாங்கிய ஊர் மலையைக் காக்கும் வழியையும் காட்டுக! கட்டபெட்டுப் பெற்றோர் இவ்வாண்டே தொடங்குக. நீலமலை அதனைத் தொடர்க. தமிழகம் அதனைக் கற்க!