ஆட்டுக்கு மார்க் போடுகிறவர்கள்

‘தகுதி இருந்தால் தானாக வெளியே தெரியும்’ என்று இடஒதுக்கீட்டுக்கு எதிராக யாராவது பேசும்போதெல்லாம் எனக்கு அமெரிக்காவின் கறவை வெள்ளாட்டுக் கண்காட்சிதான் நினைவுக்கு வருகிறது. சிரிக்காதீர்கள் தோழர்களே. தகுதியைக் கண்ணால் பார்த்து, கையால் தடவி, நூற்றுக்கு இத்தனை என்று அளக்கும் இடம் அது. அங்கேகூட எதுவும் தானாகத் தெரிவதில்லை.

ஓர் ஆட்டை அந்த ரிங்குக்குள் கொண்டுபோக என்னென்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். கழுத்தில் மெல்லிய சங்கிலி போட்டு, தலையைத் தூக்கி நடக்கவும் அசையாமல் நிற்கவும் வாரக்கணக்கில் பழக்குகிறார்கள். குளம்பைச் சீவி மட்டமாக்குகிறார்கள். குளம்பு கோணினால் நல்ல காலும் கோணலாகத்தான் தெரியும். கண்காட்சிக்குச் சில நாட்கள் முன்பு குளிப்பாட்டி, மெஷினால் உடம்பு முழுக்க மயிரை வழிக்கிறார்கள்; வால் நுனியில் மட்டும் ஒரு குஞ்சம் விடுவது வழக்கம். முதல் நாள் வழித்தால் மெஷின் போன கோடு தெரியும். அதனால்தான் அந்தச் சில நாள் இடைவெளி. மடிக்கு இன்னும் நைஸான பிளேடு, தோலை ஒட்டி வழிப்பதற்கு. நரம்பும் தோலின் மென்மையும் நடுவர் கண்ணில் பட வேண்டுமே.

கடைசியாக எத்தனை மணிக்குக் கறப்பது என்பது இன்னொரு கணக்கு. ரிங்குக்குள் நுழையும்போது மடி நிறைந்திருக்க வேண்டும், ஆனால் விண்ணென்று தெறிக்கக் கூடாது. பரிசுக்காக நேரம் கடந்தும் கறக்காமல் விட்டு, ஆட்டை வலியோடு நிறுத்துகிறவர்களும் உண்டு. அதை அந்த வட்டாரத்திலேயே கண்டிக்கிறார்கள். உள்ளே போனதும் பின்னங்கால்களைச் சற்று அகட்டி நிறுத்தினால் மடி பின்னாலிருந்து முழுசாகத் தெரியும். முதுகு தூக்கிக்கொண்டு நின்றால் இடுப்புக்கு மேலே விரலால் லேசாக அழுத்த, ஆடு முதுகைச் சமமாக்கும்.

ஆட்டைப் பிடித்து நிற்பவர் வழக்கப்படி வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட் போட்டிருப்பார். அவருக்கு ஒரு முக்கியமான விதி: நடுவருக்கும் ஆட்டுக்கும் குறுக்கே வரவே கூடாது. இத்தனை நாள் உழைத்த கை, மார்க் போடுகிற நேரத்தில் கண்ணில் படக் கூடாது. (பிள்ளைகள் ஆட்டைக் கையாளும் திறமைக்கென்று தனிப் போட்டி ஒன்று நடக்கிறது. அதன்மேல் எனக்கு மரியாதை உண்டு. விடிகாலையில் எழுந்து கொட்டகை கூட்டும் எந்தப் பிள்ளையோடும் எனக்குச் சண்டை இல்லை.)

மார்க் இப்படிப் போகிறது. ஈன்ற ஆட்டுக்கு அமெரிக்கக் கறவை வெள்ளாட்டுச் சங்கத்தின் அட்டையில் பொதுத் தோற்றத்துக்கு 35, மடிக்கு 35, கறவைக்கு ஏற்ற உடல்வாகுக்கு 20, உடலின் கொள்ளளவுக்கு 10. அந்த நூறில், அந்த ஆடு வருடத்துக்கு எத்தனை லிட்டர் கறந்தது என்பதற்கு ஒரு மார்க்கும் கிடையாது. பால் கணக்குக்குத் தனிப் பதிவேடு இருக்கிறது. மெஷினும் பிளேடும் வண்டியும் லீவு எடுக்க வசதியும் உள்ள வீட்டு ஆட்டுக்கும், இவை இல்லாத வீட்டு ஆட்டுக்கும் அட்டை ஒன்றுதான். ‘எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள்’ என்று நம்மிடம் சொல்கிறார்களே, அதே நியாயம்.

அட்டையாவது பரவாயில்லை. வம்சாவளிப் பதிவேட்டுக்கு வாருங்கள். நூபியன் என்ற இனத்தை எடுத்துக்கொள்வோம். கலப்பு ஆட்டைத் தலைமுறை தலைமுறையாக நூபியன் கிடாவோடு சேர்த்துவந்தால், எட்டில் ஏழு பங்கு ரத்தம் வந்த பெட்டைக்கு ‘அமெரிக்கன் நூபியன்’ என்று பதிவு கிடைக்கும். அதோடு சரி. அதற்குப் பிறகு எத்தனை தலைமுறை போனாலும் அதன் வாரிசு ‘பியூர்பிரெட்’ ஆக முடியாது. ரிங்கில் அது பியூர்பிரெட் ஆட்டைத் தோற்கடிக்கலாம், கோப்பை வாங்கலாம். காகிதம் மாறாது.

சானன் இனத்தில் கதை இன்னும் அசிங்கம். சானன் வெள்ளையாக, அல்லது வெளிர் சந்தன நிறத்தில் இருக்க வேண்டும். பெற்றோர் இரண்டும் பதிவான வெள்ளைச் சானனாக இருந்தும் சில சமயம் குட்டி கருப்பாகவோ பழுப்பாகவோ பிறக்கும். அந்த நிறம் இரண்டு பக்கத்திலும் ஒளிந்திருந்ததுதான் காரணம். மடி, முதுகு, கால் எல்லாம் தாயைப்போலவே இருந்தாலும் நிறத்தால் தகுதி போய்விடும். 2005-இல் அந்த நிறக் குட்டிகளை அமெரிக்கச் சங்கம் ஏற்றுக்கொண்டது. எப்படி? ‘சேபிள்’ என்று வேறு பெயர் வைத்து, வேறு இனமாக. ஊருக்குள் இடம் தராமல் தனித் தெரு போட்டுக் கொடுத்தது மாதிரி.

அந்த நூபியனின் தொங்கு காதும் வளைந்த மூக்கும் எங்கிருந்து வந்தன? 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குப் போன கிழக்கத்திய கிடாக்களிடமிருந்து. அவற்றில் நம் யமுனை, சம்பல் கரைகளின், எட்டாவா பக்கத்து ஜமுனாபாரியும் ஒன்று. இங்கிலாந்தில் அதற்கு ஆங்கிலோ-நூபியன் என்று பெயர். பெயரில் இங்கிலாந்து இருக்கிறது, ஆப்பிரிக்கா இருக்கிறது. எட்டாவா இல்லை.

ஆட்டுக்கு நடப்பது ஆட்டோடு போகட்டும் என்று விடலாம்தான். விட முடியாமல் செய்தது அமெரிக்காவே. 1911-இல் அயோவா மாநிலக் கண்காட்சியில் கால்நடைகளுக்கு மார்க் போடுகிற மாதிரியே குழந்தைகளுக்கு மார்க் போட்டார்கள். 1920-இல் கான்சஸின் டொபீகாவில் நடந்த கண்காட்சியில் குடும்பங்களையே போட்டிக்கு நிறுத்தினார்கள். பரம்பரையை எழுதி வாங்கி, மருத்துவப் பரிசோதனை செய்து, கிரேடு கொடுத்து, பதக்கம் குத்தினார்கள். கறுப்பின மக்களுக்கு அந்த மேடையில் இடம் ஏது? இனமேம்பாட்டுவாதம் என்று நாம் பாடத்தில் படிப்பது, மக்களிடம் இப்படி மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் நடந்த போட்டியாகத்தான் போய்ச் சேர்ந்தது. ‘தகுதியற்றவர்’களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யும் வர்ஜீனியா சட்டத்தை 1927-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே செல்லும் என்றது. சாதிக்கும் இதே ரத்தச் சுத்தக் கதையைச் சொன்னவர்களை 1936-இல் ‘சாதியை அழித்தொழித்தல்’ நூலில் அம்பேத்கர் எதிர்கொண்டார். சமூகவியல் மாணவர்கள் அந்தப் பகுதியை இந்தக் கண்காட்சிகளோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. மயிர் வழிக்கவும் குளம்பு சீவவும் அமெரிக்கப் பிள்ளைகள் பெரும்பாலும் எங்கே கற்கிறார்கள்? 4-எச் என்ற இளையோர் சங்கங்களில். அவை அரசின் விவசாய விரிவாக்கத் துறையோடு இணைந்தவை. தென் மாநிலங்களில் வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஒரு சங்கம், கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒரு சங்கம். வட கரோலினாவில் துறையே இரண்டு கிளையாக இருந்தது. கறுப்பின ஊழியருக்குக் குறைந்த சம்பளம். 1964-இன் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு, 1965-இல் கிளைகளை இணைத்தார்கள். சம்பள இடைவெளி தொடர்ந்தது, ஒரே நிறத்துப் பிள்ளைகள் மட்டும் இருந்த சங்கங்களும் தொடர்ந்தன.

ஊழியர்கள் வழக்குப் போட்டார்கள். பேஸ்மோர் வழக்கு என்று தேடினால் கிடைக்கும். 1986-இல் உச்ச நீதிமன்றம் சம்பள விஷயத்தில் அவர்கள் பக்கம் நின்றது, ஒரு நீதிபதிகூட மறுக்கவில்லை. சங்கங்கள் விஷயத்தில்? கதவு எல்லாருக்கும் திறந்திருக்கிறது, யார் எந்தச் சங்கத்தில் சேர்வது என்பது அவரவர் விருப்பம், ஆகவே அரசுக்கு இதற்கு மேல் கடமை இல்லை என்றது. நான்கு நீதிபதிகள் எதிர்த்தார்கள், ஐந்து பேர் சரி என்றார்கள்.