ஈய எழுத்தும் வாடகை எழுத்தும்

போன மாதம் ஒருநாள் ராத்திரி பத்தரை மணிக்கு மாமாவிடமிருந்து போன். அந்த நேரத்தில் விஸ்வநத்தத்தில் போன் அடித்தால் நல்ல சேதியாக இருக்காது. ஒன்று, எங்கேயாவது வெடித்திருக்கும். இல்லாவிட்டால் யாராவது போய்ச் சேர்ந்திருப்பார்கள். எதுவானாலும் மாமாவுக்கு வேலை வந்துவிடும். டிடிபி கடை வைத்திருக்கிறவர். விடிவதற்குள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் தயாராக வேண்டும்.

''மாப்ளே, கெளம்பி வா. எழுத்தெல்லாம் செத்துப்போச்சு!'' என்றார்.

ஸார், நான் பி.காம். படித்தவன். நாலு பேருக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் பார்த்துக் கொடுத்துவிட்டு, மிச்ச நேரத்தில் இந்த மாதிரி எழுதிப் பிழைக்கிறவன். எழுத்து செத்துப்போனால் வைத்தியம் பார்க்க எனக்குத் தெரியாது. ஆனாலும் தாய்மாமன் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா? போனேன்.

கம்ப்யூட்டர் திரையில் ஐரோப்பாக்காரர்கள் மாநாடு போட்ட மாதிரி இருந்தது. ஒரு 'ஏ'வுக்குத் தொப்பி. ஒரு 'ஓ'வுக்கு இரண்டு பொட்டு. ஒரு 'சி'க்குக் கீழே வால். நடுநடுவே ஆச்சரியக்குறி தலைகீழாக நின்றது.

''என்ன மாமா, பிரெஞ்சுக்காரன் எவனாவது செத்துட்டானா?''

மாமா சிரிக்கவில்லை. ''உங்க அத்தைக்கு எழுதினது'' என்றார்.

அத்தை போய் இருபது வருஷம் ஆகிறது. ஊரில் அத்தனை வீட்டுத் துக்கத்துக்கும் வாசகம் கம்போஸ் பண்ணிக் கொடுத்த மாமாவுக்கு, சொந்த வீட்டுத் துக்கத்துக்கு ரெடிமேட் வாசகம் போட மனசு வரவில்லையாம். தானாகவே எட்டு வரி எழுதியிருக்கிறார். அடித்து முடித்ததும் பிரிண்ட் கொடுக்கக் கை வரவில்லை. அப்படியே ஸேவ் பண்ணி வைத்துவிட்டார். வருஷா வருஷம் அந்த நாளில் கடையைச் சாத்திவிட்டு, ஃபைலைத் திறந்து ஒரு தடவை படித்துவிட்டு மூடிவிடுவார். இந்த விஷயம் எனக்கே அன்று ராத்திரிதான் தெரியும்.

இந்த வருஷம் பழைய கம்ப்யூட்டர் மூச்சை நிறுத்திவிட்டது. புதுசு வாங்கினார். அதில் தமிழ் ஸாஃப்ட்வேர் ஓடவில்லை. ஏனென்றால் அந்த ஸாஃப்ட்வேருக்கு 'டாங்கிள்' என்று ஒரு சாவி உண்டு. கட்டைவிரல் அளவு இருக்கும். பழைய கம்ப்யூட்டரின் முதுகில் செருகி வைத்தால்தான் எழுத்து வரும். புதுக் கம்ப்யூட்டருக்கு அந்த மாதிரி முதுகே கிடையாது! விற்ற கம்பெனியைத் தேடினால், கம்பெனியும் இல்லை. காசு கொடுத்து, பில் போட்டு, ஒழுங்காக வாங்கின எழுத்து ஸார்!

இது மாமாவுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. 1990-களில் தமிழ் எழுத்து செய்த ஒவ்வொரு கம்பெனியும், கம்ப்யூட்டருக்குள்ளே ஆங்கிலத்துக்கும் ஐரோப்பிய மொழிகளுக்கும் ஒதுக்கியிருந்த அறைகளில் நம் 'க'வையும் 'ங'வையும் குடிவைத்தது. எந்த எழுத்துக்கு எந்த அறை என்பதில் ஒருவருக்கொருவர் பேச்சுவார்த்தை கிடையாது. ஆகவே இவர்கள் ஃபாண்ட்டில் அடித்ததை அவர்கள் ஃபாண்ட்டில் திறந்தால் தொப்பியும் வாலும்தான்.

1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடு கூடி, இதற்கெல்லாம் ஒரு ஒழுங்கு வேண்டும் என்று பேசினார்கள். ஒற்றுமைக்காகக் கூடியும், 'டாம்' என்று ஒன்று, 'டாப்' என்று ஒன்று ஆக இரண்டு தரம் வந்தது. பிறகு 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. அப்போதும் கூடவே 'டேஸ்-16' என்று இன்னொன்று! நாம் எதையும் ஒன்றாகச் செய்ய மாட்டோம். ஆனாலும் யூனிகோடு ஜெயித்துவிட்டது. இன்றைக்கு உங்கள் செல்போனில் வருகிற தமிழ் அதுதான். எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத பொது ஏற்பாடு என்பதால்தான் எல்லா இடத்திலும் திறக்கிறது.

மாமா பரணைக் காட்டினார். அங்கே ஒரு மர கேஸ். அதில் ஈய எழுத்துக்கள். டிடிபிக்கு வருவதற்கு முன்னால் அவர் கம்போஸிட்டர். ஈயம், ஆண்டிமனி, வெள்ளீயம் கலந்து வார்த்த எழுத்தைக் கிலோக் கணக்கில் நிறுத்து வாங்குவார்கள்.

''அதை வாங்கினா அது நம்ம எழுத்து மாப்ளே. தேஞ்சா உருக்கலாம். பக்கத்துக் கடைக்கு 'ழ' பத்தலைன்னா ஒரு கை அள்ளிக் கொடுக்கலாம். வித்தவன் கடையைச் சாத்திட்டுப் போனா நம்ம 'ழ' பாட்டுக்கு இருக்கும். இப்ப காசையும் கொடுத்து, எழுத்தையும் அவன்கிட்ட விட்டுட்டு நிக்கிறோம்.''

ஓப்பன் ஸோர்ஸ், கமர்ஷியல் என்று பெரிய பெரிய புத்தகம் எழுதியிருக்கிறார்கள். விஷயம் அவ்வளவுதான். ஒன்று ஈய எழுத்து. இன்னொன்று வாடகை எழுத்து.

இந்தச் சண்டை ஆரம்பித்ததே ஒரு பிரிண்டரில்தான் என்றால் சிவகாசிக்காரர்கள் சந்தோஷப்படுவார்கள். 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனியின் லேஸர் பிரிண்டர் ஒன்று வந்தது. அடிக்கடி பேப்பர் சிக்கிக்கொள்ளும். அங்கே வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன், பழைய பிரிண்டருக்குச் செய்த மாதிரி இதற்கும், பேப்பர் சிக்கினால் சொல்லும்படி புரோகிராமை மாற்றி எழுதலாம் என்று பார்த்தார். மூல புரோகிராம் கையில் இல்லை. வைத்திருந்த ஒருவரிடம் போய்க் கேட்டார். ''யாருக்கும் காட்டமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்'' என்று சொல்லிவிட்டார் அவர். வந்த கோபத்தில், எல்லோரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்கிற ஏற்பாட்டை ஸ்டால்மன் 1983-ல் அறிவித்தார். 1991-ல் ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயசுக் கல்லூரிப் பையன் எழுதிய லினக்ஸ் அதோடு சேர்ந்துகொண்டது. சும்மாவா சொன்னார்கள், பேப்பர் சிக்கினால் பிரஸ்காரனுக்கு வருகிற கோபம் பொல்லாதது!

நம்ம ஊர்க் கதையையும் யோசித்துப் பாருங்கள். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அதிலிருந்து தீப்பெட்டி, அதற்கு லேபிள் ஒட்ட அச்சகம், அப்புறம் பட்டாசு. அன்றைக்குக் கல்கத்தாவில் ''உள்ளே பார்க்கக் கூடாது, லைசென்ஸ்'' என்று கதவைச் சாத்தியிருந்தால் சிவகாசி ஏது? பக்கத்தில் விஸ்வநத்தம் ஏது? நான் ஏது?

ஆனால் ஒரு கட்சியில் சேர்ந்து கொடி பிடிக்க நான் தயாரில்லை. மத்தாப்பில் பச்சை எப்படி வருகிறது என்கிற கலவையை எந்தப் பட்டாசுக்காரரும் போர்டில் எழுதி மாட்டுவதில்லை. அது அவர் மூளை, அவர் பிழைப்பு. ஸாஃப்ட்வேர்க்காரனுக்கும் பிழைப்பு வேண்டாமா? எனக்குச் சோறு போடுவது டேலி. 1986-ல் பெங்களூரில் கோயங்கா அப்பாவும் பிள்ளையும் தங்கள் வியாபாரக் கணக்குக்குச் சரியான புரோகிராம் கிடைக்காமல் தாங்களே ஆரம்பித்தது. காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். வரி விதி மாறினால் அதற்கேற்ப மாற்றிக் கொடுக்கிறார்கள். உழைப்புக்குக் கூலி. அதில் எனக்கு வருத்தமே இல்லை.

என் கட்சி இதுதான். கலவையை நீ ரகசியமாக வைத்துக்கொள். ஆனால் நான் வாங்கிய சரவெடியை உன் கம்பெனி ஊதுபத்தியால்தான் பற்றவைக்க வேண்டும் என்று சொல்லாதே. பட்டாசில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. கம்ப்யூட்டரில் சொல்கிறார்கள். சில பிரிண்டருக்கு வேறு கம்பெனி மை ஊற்றினால் குடிக்க மாட்டேன் என்கிறது. அடோபி கம்பெனி 2013-லிருந்து தன் டிசைன் ஸாஃப்ட்வேர்களை மாத, வருஷச் சந்தாவுக்கு மாற்றிக்கொண்டது. சந்தா நின்றால் கடையில் வேலை நிற்கும்.

''அப்படியானால் எல்லோரும் லினக்ஸுக்கு மாறவேண்டியதுதானே?'' என்பீர்கள். மாறாததற்குக் காரணம் வெட்கக்கேடானது. நம்ம நாட்டில் எல்லா ஸாஃப்ட்வேருமே ரொம்ப நாள் இலவசமாகத்தான் இருந்தது, ஸார்... திருட்டு ஸி.டி.யில்! பல ஆயிரம் ரூபாய்ச் சரக்கு ஐம்பது ரூபாய்க்குக் கிடைத்தால், நியாயமாக இலவசமாகக் கிடைப்பதை எவன் திரும்பிப் பார்ப்பான்? 2011-ல் அரசு கொடுக்க ஆரம்பித்த விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸும் இருந்தது, சி-டாக் உருவாக்கிய 'பாஸ் லினக்ஸ்' என்பதும் இருந்தது. எத்தனை பிள்ளைகள் பாஸைத் திறந்து பார்த்தார்கள் என்று பக்கத்து வீட்டில் கேட்டேன். ''எந்த பாஸ், அண்ணே?'' என்றான் பையன்.

இங்கிலீஷ்காரனுக்கு 'ஃப்ரீ' என்று ஒரே வார்த்தை. காசில்லாமல் கிடைப்பதற்கும் அதுதான், சுதந்திரத்துக்கும் அதுதான். பாவம், குழம்பிப் போகிறான். நமக்கு 'இலவசம்' வேறு, 'விடுதலை' வேறு. 'கட்டற்ற மென்பொருள்' என்று அழகாகப் பெயர்கூட வைத்திருக்கிறார்கள். ஆனால் இலவசம் என்றால் மட்டும்தான் நமக்குக் காது கேட்கும்.

சரி, அத்தை விஷயத்துக்கு வருகிறேன்.

எதிர்வீட்டில் ஒரு என்ஜினீயரிங் பையன். அவனைப் பிடித்தேன். பழைய ஃபாண்ட்டில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றும் புரோகிராம்களைத் தமிழ் ஆர்வலர்கள் பலர் சும்மாவே எழுதி வைத்திருக்கிறார்கள் என்றான். ஒன்றை இறக்கினான். ஓட்டினான். தொப்பி அப்படியே இருந்தது. மாமாவின் ஃபாண்ட் அந்தப் பட்டியலில் இல்லை!

''அவ்வளவுதானா?'' என்றார் மாமா.

''இல்ல தாத்தா. இது தொறந்த புரோகிராம். பட்டியல்ல இல்லைன்னா நாமளே சேர்த்துக்கலாம். எந்தக் குறி எந்த எழுத்துன்னு தெரிஞ்சா போதும்.''

மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஈய எழுத்தைக் கேஸில் பார்க்காமலே எடுத்துக் கோத்த ஆள். இருபது வருஷம் அந்த ஃபாண்ட்டோடு குடித்தனம் நடத்தியவர். ''தொப்பி வெச்ச ஏ, அது 'கு'. வால் வெச்ச சி, அது 'ழ'. தலைகீழா நிக்குதே, அது ஒத்தைக்கொம்பு'' என்று சொல்லச் சொல்ல, பையன் பட்டியல் போட்டான். இரண்டு ராத்திரி ஆனது. ஒற்றைக்கொம்புதான் கடைசிவரை அடம் பிடித்தது. பழைய ஃபாண்ட்டில் கொம்பை முதலில் அடிக்க வேண்டும், யூனிகோடில் எழுத்துக்குப் பின்னால் சேர்க்க வேண்டும். அதனால் கொம்பெல்லாம் பக்கத்து எழுத்தின் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது. அதையும் சரி பண்ணினான்.

மூன்றாம் நாள் ராத்திரி திரையில் தமிழ் வந்தது. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். நானும் பையனும் வெளியே போய் நின்றோம்.

பையனுக்குப் பணம் கொடுத்தார். வாங்கவில்லை. ''இந்தப் பட்டியலை அந்தப் புரோகிராம்லயே சேர்த்து அனுப்பிடறேன், தாத்தா. இதே ஃபாண்ட்டை வெச்சுக்கிட்டு வேற யாராவது முழிச்சுட்டிருப்பாங்க'' என்றான். ''அப்ப உன் அக்கா கல்யாணப் பத்திரிகை என் பொறுப்பு'' என்றார் மாமா. பி.காம். படித்தவனுக்கு அப்போதுதான் விளங்கியது. ஓப்பன் ஸோர்ஸ் என்பது இலவசம் இல்லை. வந்தது பற்று, கொடுத்தது வரவு. பேரேடு மட்டும் யார் கையிலும் இல்லை.

''மாப்ளே, இனிமே இதை எதுல ஸேவ் பண்றது?''

''எந்தக் கம்ப்யூட்டர்லயும் திறக்கிற மாதிரி, சாதா டெக்ஸ்ட்டா யூனிகோடுல வெச்சுடுங்க மாமா. உங்க ஆண்ட்ராய்டு போன்லகூடத் திறக்கும். அதுக்குள்ள ஓடறதும் லினக்ஸ்தான்.''

மாமா சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ''சரி. எதுக்கும் பேப்பர்ல ரெண்டு காப்பி எடு. பேப்பர் சாவி கேக்காது.''

இருபது வருஷம் கழித்து அன்றைக்குத்தான் அது அச்சானது.

எட்டு வரியில் என்ன இருந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். அது ஓப்பன் ஸோர்ஸ் இல்லை.