பாட்டை முடிய விடுங்களேன்

ஈஸ்ட் தாம்பரத்தில் ஷேர் ஆட்டோ ஏறி, சேலையூர் வந்து இறங்குவதற்குள் எத்தனை பாட்டைக் கொலை செய்துவிடுகிறார்கள்! எஃப்.எம்.மில் முன்னிசை ஆரம்பிக்கும்போதே அறிவிப்பாளர் மேலேறிப் பேசுகிறார். முதல் சரணம் முடிந்ததுமே நகைக்கடை விளம்பரம். தப்பிப் பிழைத்த பாட்டையும், "இழுவையா இருக்குண்ணே, மாத்துங்க" என்று பக்கத்து சீட்டுத் தம்பி மாற்றச் சொல்லிவிடுகிறான். வீட்டுக்கு வந்தால் ரீல்ஸில் அதே பாட்டு அரை நிமிடத் துண்டாக, வேகம் கூட்டி, கீச்சுக் குரலில்.

ஆதங்கப்பட்டால், "ஒரு பாட்டுக்கா இந்தப் பாடு?" என்கிறார்கள். ஆமாம், ஒரு பாட்டுக்குத்தான்.

2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியதை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, செல்போனில் டவர் இல்லை. முடிச்சூரில் மாமா வீட்டுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது என்று யாரோ சொன்னதோடு சரி, வேறு தகவலே கிடையாது. அப்பா பழைய டிரான்சிஸ்டருக்கு பேட்டரி போட்டார். வெள்ளச் செய்திக்குப் பிறகு 'ஜானி' படப் பாட்டு வந்தது. இளையராஜா இசையில் எஸ். ஜானகி பாடியது. மகேந்திரன் இயக்கி 1980-ல் வந்த அந்தப் படத்தில், ஜானி வருவான் என்று நம்பி, கொட்டும் மழையில் ஸ்ரீதேவி மேடையில் பாடுவாரே, அந்தப் பாட்டு. ஹாலில் புகுந்த தண்ணீரை மக்கால் வாரி பக்கெட்டில் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா, அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டாவது இடையிசை வந்தபோது முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டாள். பாட்டு முடிகிறவரை யாரும் பேசவில்லை. மாமா பிறகு நல்லபடியாக வந்து சேர்ந்தார். அம்மாதான் இப்போது இல்லை.

அந்தப் பாட்டு என்ன ராகம், யார் போட்ட பட்டியலில் எத்தனாவது இடம் என்பதெல்லாம் எனக்கு வேண்டாம். அம்மா அழுதது இரண்டாவது இடையிசையில். விளம்பரத்துக்காக வெட்டுவதும் அந்த இடத்தைத்தான். வயிறு எரிகிறது.

எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் எல்லோரும் தங்கள் வேலையை முடித்த பிறகுதான் கேட்கிறவனின் வேலை தொடங்குகிறது. 1991-ல் 'குணா'வில் காதல் பாட்டாக வந்ததை, 2024-ல் 'மஞ்ஞுமெல் பாய்ஸ்' பார்த்த பிள்ளைகள் குழியில் விழுந்த நண்பனை மீட்ட பாட்டாகக் கேட்கிறார்கள். அதுவும் நியாயம்தான். அவரவர் பட்டதை அவரவர் பாட்டில் ஏற்றி வைக்கிறோம். ஒருவருக்கு இழுவையாகத் தெரிவதில் இன்னொருவரின் வீடே இருக்கலாம்.

அந்தக் கால வானொலியில் படத்தின் பெயர், பாடியவர்கள் பெயர், இசையமைத்தவர் பெயர் சொல்லிவிட்டு அறிவிப்பாளர் ஒதுங்கிக்கொள்வார். அந்த மரியாதை பாட்டுக்கு மட்டுமல்ல, கேட்கிறவருக்கும் சேர்த்துத்தான். விளம்பரமே கூடாது என்று சொல்லவில்லை. நிலையம் நடக்கப் பணம் வேண்டும், புரிகிறது. பாட்டுக்கு முன்னால் போடுங்கள், பின்னால் போடுங்கள், நடுவில் மட்டும் கை வைக்காதீர்கள். தம்பி, உனக்கும் ஒரு வார்த்தை. பக்கத்தில் இருப்பவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தால் அந்த ஒரு பாட்டு முடியட்டும். அடுத்தது உன் பாட்டாகவே இருக்கட்டும், நானும் முழுசாகக் கேட்கிறேன்.