முதன்மைபோல் நின்ற ஓர் எண்

இவ்வாரம் 4,294,967,297 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். 2இன் 32ஆம் வலுவுடன் 1ஐக் கூட்டினால் வருவது இது.

பிரான்சிய நாட்டில் நீதித்துறையிலே கடமையாற்றிக்கொண்டு ஓய்வு நேரத்தில் கணிதம் பயின்றவர் பேர்மா. 2இன் வலுவாக 1, 2, 4, 8, 16 என இரட்டித்துச் செல்லும் எண்களை இட்டு, ஒன்றைக் கூட்டினால், வருவன யாவும் முதன்மை எண்களே என்று 1640ஆம் ஆண்டில் அவர் நம்பி எழுதினார். 3, 5, 17, 257, 65,537 ஆகிய ஐந்தும் அவ்வாறே அமைந்தன. ஆறாவது நமது எண். மூன்று உதாரணங்களைச் சரிபார்த்துவிட்டு 'ஆகவே' என்றெழுதும் மாணவரை நாம் கடிந்துகொள்வதுண்டு. பேர்மாவிடம் ஐந்து இருந்தன!

1732இல் ஒயிலர் என்பார் இவ்வெண்ணை 641 மிச்சமின்றி வகுக்குமெனக் காட்டினார். ஈவு 6,700,417. இதற்கு முதன்மைக் காரணி உண்டெனில், அது 64இன் மடங்கொன்றிலும் 1 கூடியதாகவே இருத்தல் வேண்டும் என்பது அவர் நிறுவிய விதி. அத்தகைய முதன்மை எண்களை வரிசையாக எழுதுங்கள்: 193, 257, 449, 577, 641. ஐந்தாம் முயற்சியிலேயே காரணி அகப்பட்டுவிடுகிறது! தாளும் பென்சிலும் போதும்.

வகுக்காமலும் நிறுவலாம். 128ஐ 5ஆல் பெருக்கி 1ஐக் கூட்டினாலும் 641. 625உடன் 16ஐக் கூட்டினாலும் 641. இவ்விரண்டையும் இணைக்கும் வழியை உயர்தர வகுப்பு மாணவர் தாமே தேடுவாராக.

இவ்வரிசையில் ஆறாவது முதன்மை எண் இன்றுவரை கிடைக்கவில்லை. கிடைக்கவே மாட்டாதென எவரும் நிறுவவுமில்லை.