மலை வழி யாருக்கு?

தபால் எல்லோருக்கும் வருகிறது. அதைக் கொண்டு வருகிறவர் எந்தத் தெருவுக்கு, எந்த மேட்டுக்குப் போகவேண்டும் என்று நிர்ணயிப்பவர் யார்? கடிதத்தைக் கையில் வாங்குகிற நாம் இதைப் பற்றி யோசிப்பதில்லை. ஆனால் அந்த ஊழியருக்கு இது பெரிய கேள்வி. சம்பள உயர்வு எப்போதோ வரும். வழியோ தினந்தோறும் காலால் அளக்க வேண்டியது.

சந்தவாசலை எடுத்துக்கொள்வோம். வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாகப் போளூர் போகும் சாலையில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது இந்த ஊர். படவேட்டு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகிறவர்கள் இங்கேதான் திரும்புகிறார்கள். இப்படிப்பட்ட அடிவார ஊர்களில் வழிகள் இரண்டு விதம். ஒன்று கடைத்தெரு வழி: தார்ச்சாலை, அடுத்தடுத்து வீடுகள், தாகத்துக்கு டீக்கடை. மற்றொன்று மேட்டு வழி: ஒரு கொல்லைக்கும் அடுத்த கொல்லைக்கும் கூப்பிடு தூரம், ஏற்றம், மழை பெய்தால் சேறு. மலைமேல் போனால், சாமையும் தினையும் விளையும் நிலங்களுக்கு நடுவே மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. அங்கே ஒரு முதியோர் பென்ஷனைக் கொண்டு சேர்ப்பதற்குள் கீழே நூறு வீடு முடிந்துவிடும்.

இருவரும் ஒரே இலாகா. ஒரே உத்தியோகப் பெயர். கடைத்தெரு யாருக்கு, மேடு யாருக்கு?

அதிகாரி கை காட்டினால்

முதல் முறை, அதிகாரி கை காட்டுவது. வேலை தெரிந்த நல்ல அதிகாரி வாய்த்தால் இதில் குறை இல்லை. முழங்கால் வலிக்காரரைச் சமதரையில் போடுவார். இளைஞரை மேட்டுக்கு அனுப்புவார். ஆனால் எல்லா ஆபீஸிலும் எல்லா நாளும் நல்ல அதிகாரி இருப்பார் என்று நம்பி நிர்வாகம் நடத்த முடியாது. வேண்டியவருக்கு நிழல், வேண்டாதவருக்கு வெயில் என்ற பேச்சு கிளம்பிவிடும். அதிகாரி நியாயமாகவே நடந்தாலும், காரணம் சொல்லாமல் செய்தால் சந்தேகம் போகாது. தண்டனை என்று ஏட்டில் எழுதாமலே ஒருவரைத் தண்டிக்க வழிமாற்றம் போதும்.

இதற்கு மாற்றாகத் தொழிற்சங்கங்கள் கண்டதுதான் ஸீனியாரிட்டி, அதாவது பணிமூப்பு. முதலில் சேர்ந்தவர் முதலில் கேட்கட்டும் என்பது அதன் சாரம்.

அமெரிக்காவில் ஏல முறை

அமெரிக்காவில் தபால்காரர் சங்கம் 1889-ஆம் வருஷம் மில்வாக்கி நகரில் தோன்றியது. 1970 மார்ச் மாதம் நியூயார்க்கில் தொடங்கிய தபால் வேலைநிறுத்தம் நாட்டையே உலுக்கியது. அந்த வருஷமே இயற்றிய சட்டத்தினால், சம்பளத்தைப் பற்றியும் இலாகாவுடன் பேரம் பேசும் உரிமை சங்கத்துக்குக் கிடைத்தது.

நகரத் தபால்காரர்களுக்கான ஒப்பந்தத்தில் 41-ஆவது பிரிவு வழிகளைப் பற்றியது. ஒருவர் ஓய்வு பெற்றோ மாற்றலாகியோ போனால், அவருடைய வழி காலி என்று அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். சாதாரணமாகப் பத்து நாள் அவகாசம். வேண்டுமென்கிற ஊழியர்கள் பெயர் கொடுப்பார்கள். கொடுத்தவர்களுக்குள் யாருக்குப் பணிமூப்பு அதிகமோ அவருக்கே அந்த வழி. ஏலம் என்று பெயரே தவிர இதில் பணம் கிடையாது. உழைத்த வருஷங்கள்தான் ஏலத் தொகை. புதிதாகச் சேர்ந்த உதவியாளர்களுக்கு இந்த ஏலத்தில் இடமில்லை. வழிக்காரர் ஐந்து நாளோ அதற்கு மேலோ லீவில் போனால், அந்தத் தற்காலிக இடத்தை மட்டும் அவர்கள் கேட்டு வாங்கலாம்.

யு.பி.எஸ். என்ற தனியார் பார்சல் கம்பெனியிலும் இதே கதைதான். அங்கே டீம்ஸ்டர்ஸ் சங்கம் 2023-இல் சுமார் 3 லட்சத்து 40 ஆயிரம் பேருக்காக ஒப்பந்தம் செய்துகொண்டது. வழி கேட்கும் விவரங்கள் பிராந்தியத்துக்குப் பிராந்தியம் மாறும். மூத்தவருக்கு முதல் உரிமை என்பது மட்டும் மாறுவதில்லை.

இதில் இன்னொரு பாகமும் உண்டு. வழியைத் தேர்ந்தெடுக்க விட்டு, பிறகு அந்த வழியில் இரண்டு மடங்கு வேலையை ஏற்றினால் உரிமை எதற்கு? ஆகவே வழியை அளக்கவும் விதி வைத்திருக்கிறார்கள். தொடர்ந்து ஆறு வாரம், வாரத்தில் மூன்று நாளாவது, அரை மணிக்கு மேல் கூடுதல் நேரமோ பிறர் உதவியோ ஒரு வழிக்குத் தேவைப்பட்டால், விசேஷப் பரிசோதனை கேட்கத் தபால்காரருக்கு உரிமை உண்டு. தேர்வும் அளவும் இரண்டு சக்கரங்கள். ஒன்று மட்டும் இருந்தால் வண்டி ஓடாது.

நம் நாட்டு நிலைமை

நம் நாட்டில் தபால் சங்கங்களுக்குப் பலம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. 1946 ஜூலையில் தபால்காரர்கள் செய்த வேலைநிறுத்தம் சரித்திரத்தில் இடம் பெற்றது. 1966-இல் மத்திய சர்க்கார் ஊழியருக்குக் கூட்டு ஆலோசனை அமைப்பும் வந்தது. ஆயினும் வழியை ஏலம் கேட்கும் உரிமை இங்கே ஒப்பந்தமாக வரவில்லை. 'பீட்' எனப்படும் பட்டுவாடா வழியை வகுப்பதும் ஆள் போடுவதும் நிர்வாகத்தின் கையில். பணிமூப்புப் பட்டியல் உண்டு. அது பெரும்பாலும் பிரமோஷனுக்குத்தான் பயன்படுகிறது.

நம் சட்டத்தின் போக்கே அப்படித்தான் இருக்கிறது. ஆட்குறைப்பு வந்தால் கடைசியில் வந்தவர் முதலில் போகவேண்டும் என்ற விதியை 1947-ஆம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டத்தில் 1953-இல் சேர்த்தார்கள். புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் அது நீடிக்கிறது. பணிமூப்பு நம்மவருக்கு வேலையைக் காப்பாற்றித் தருகிறது. வேலைக்குள்ளே தேர்வைத் தருவதில்லை.

தபால் இலாகாவில் வேறொரு விதியும் உண்டு. 38-ஆவது விதி என்றால் ஊழியர் எல்லோருக்கும் தெரியும். சொந்த ஊர்ப் பக்கம் போகவேண்டும் என்று தாமே கேட்டு வேறு பிரிவுக்கு மாறுகிறவர், அங்கே பணிமூப்பில் கடைசிப் படியில் நிற்க வேண்டும். வயதான பெற்றோரைப் பார்க்க வருகிறவர் பல வருஷச் சர்வீஸை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டியிருக்கிறது.

கிராமத் தபால் சேவகர்கள்

மலையடிவாரத்திலும் மலைமேலும் பெரும்பாலும் தபால் சுமப்பவர்கள் நிரந்தரத் தபால்காரர்கள்கூட அல்ல. கிராமத் தபால் சேவகர்கள். 'எக்ஸ்ட்ரா டிபார்ட்மெண்டல்' என்ற பெயரில் நெடுங்காலம் இருந்தவர்கள் இவர்கள்தான். இவர்கள் வகிப்பது சர்க்கார் பதவியே என்று 1977-இல் ராஜம்மா வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஆனால் நிரந்தர ஊழியருக்குச் சமமாக இவர்களை இன்றுவரை வைக்கவில்லை.

2018 மே 22-ஆம் தேதி நாடெங்கும் இவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஜூன் 6-ஆம் தேதி மத்திய மந்திரிசபை புதிய ஊதியத்துக்கு ஒப்புதல் தந்தது. சேவகருக்கு நாலு மணி நேரத்துக்கு 10,000 ரூபாய். ஐந்து மணி நேரத்துக்கு 12,000 ரூபாய். கிளைத் தபால் ஆபீஸ் அதிகாரிக்கு 12,000, 14,500. இவை ஆரம்ப ஊதியம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வேலைப் பளுவை மணிக் கணக்கில் அளந்துதான் ஊதியப் படி. கடிதம் குறைந்தால் பளு குறைந்ததாகக் கணக்கு வரும், ஏற்றம் குறையுமா? பத்துக் கடிதமானாலும் ஒரு கடிதமானாலும் அதே மேடுதான். பொதுவாக இவர்களுக்கு மாற்றல் கிடையாது. வரையறைக்கு உட்பட்டுக் கோரிக்கை மாற்றல் உண்டு. அது கிடைக்காவிட்டால், மேட்டு வழியில் சேர்ந்தவர் 65 வயது வரை மேட்டிலேயே நடக்க வேண்டியதுதான். குன்னூர்ப் பக்கம் தினம் சுமார் 15 கிலோமீட்டர் காட்டு வழி நடந்து பட்டுவாடா செய்த ஒரு தபால்காரர் 2020-இல் ஓய்வு பெற்றபோது நாடே பாராட்டியது. பாராட்டு நியாயம்தான். அத்தனை வருஷம் அந்த வழியில் வேறு யாரும் முறை மாற்றி நடந்திருக்கக்கூடாதா என்று கேட்பதும் நியாயம்தான்.

மூப்பின் குறை

பணிமூப்பு முறையே சர்வரோக நிவாரணி என்று நினைத்துவிடக் கூடாது. மூத்தவர்கள் எல்லோரும் சமதரையை எடுத்துக்கொண்டால் மலை எப்போதும் புதியவருக்கே. அவருக்கு வழியும் தெரியாது, ஜனங்களும் தெரியாது. அவரும் பழகிய மறு வருஷமே கீழே இறங்க மனுப் போடுவார். நஷ்டம் மலைவாசிகளுக்கு.

இந்தச் சிக்கலுக்கு நம் ராஜ்யத்திலேயே ஒரு வழி கண்டிருக்கிறார்கள். பள்ளிக்கூட ஆசிரியர்களுக்கு நடக்கும் மாற்றல் கலந்தாய்வில் காலியிடங்களை வெளிப்படையாக அறிவித்து, முன்னுரிமையும் மூப்பும் பார்த்து இடம் தருகிறார்கள். மலைப் பகுதிப் பள்ளிகளுக்கு 'மலைச் சுழற்சி' என்று தனி ஏற்பாடும் இருக்கிறது. மேடு எல்லோருக்கும் பங்கு என்பதுதான் அதன் தத்துவம். ஆசிரியருக்குப் பொருந்துவது தபால் சேவகருக்கு ஏன் பொருந்தக்கூடாது?

செல்போன் எஜமான்

இன்று வீட்டு வாசலுக்குச் சாப்பாடும் சாமானும் கொண்டுவரும் இளைஞர்கள் நிலை இன்னும் ஒரு படி கீழே. யாருக்கு எந்த ஆர்டர் என்று செல்போன் செயலி தீர்மானிக்கிறது. அறிவிப்புப் பலகையும் இல்லை, மூப்புப் பட்டியலும் இல்லை. தமிழ்நாட்டில் 2023-இல் இவர்களுக்கு நல வாரியம் அமைத்தார்கள். சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்து இவர்களை அங்கீகரித்தது. நல்லதுதான். ஆனால் வேலையை எந்த முறையில் பங்கிடுகிறீர்கள் என்று கேட்கும் உரிமை அந்தத் தொகுப்பில் இல்லை. பழைய அதிகாரியிடமாவது நேரில் போய் முறையிடலாம். செயலியிடம் என்னவென்று முறையிடுவது?

செய்ய வேண்டியது

காரியம் பெரிதல்ல, பெரும் செலவும் இல்லை. காலியான வழியைப் பலகையில் ஒட்டட்டும். கேட்டவர்களில் மூத்தவருக்குக் கொடுக்கட்டும். உடல்நலம் போன்ற காரணத்தால் முறையை மீறினால் காரணத்தை எழுதி வைக்கட்டும். மலை வழிக்கு வருஷ வரம்பு வைத்து, முடித்தவருக்கு அடுத்த தேர்வில் முதல் இடம் தரட்டும். பளுவை அளக்கும்போது கடிதத்தை எண்ணுவதோடு ஏற்றத்தையும் எண்ணட்டும். சொந்தக் காரணத்துக்காக ஊர் மாறுகிறவரின் சர்வீஸில் ஒரு பங்கையாவது விட்டு வைக்கட்டும்.

சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. மேட்டு வழி எப்போதும் இளையவர் தலையில் விழுந்தால், அந்த இளையவர் சங்கத்தை நம்பிச் சந்தா கட்டுவாரா? மூத்தவரின் உரிமையைக் காப்பதோடு, புதியவரின் முறையும் எப்போது வரும் என்று தேதி சொல்ல முடிந்தால்தான் சங்கம் எல்லோருக்கும் சங்கமாக இருக்கும்.