மனப்பாடம் செய்தால் கிளாஸ் புரியாது

சென்ற மாதம் பக்கத்து வீட்டுப் பையன் புத்தகமும் கையுமாக வந்தான். கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ், இரண்டாம் ஆண்டு. "அங்கிள், இந்த ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங் மண்டையில் ஏறவே இல்லை. வேறு கோர்ஸுக்கு மாறிவிடலாமா என்று பார்க்கிறேன்" என்றான். "கிளாஸ் என்றால் என்ன?" என்று கேட்டேன். மூச்சு விடாமல் ஒப்பித்தான்: "ஒரே மாதிரியான ஆப்ஜெக்ட்டுகளின் தொகுப்பு." தேர்வில் இதற்கு முழு மதிப்பெண் கிடைத்ததாம்.

குறை பையனிடம் இல்லை, அந்த வரையறையில்தான் என்பது என் கருத்து. தொகுப்பு என்றதும் மாம்பழக் கூடைதான் நினைவுக்கு வரும். ஆனால் ஒரு ஆப்ஜெக்ட் கூட உருவாக்காமலே ஒரு கிளாஸை எழுதி வைக்கலாம். "இந்த வகைப் பொருளிடம் என்னென்ன விவரங்கள் இருக்கும், அது என்னென்ன வேலை செய்யும்" என்று எழுதி வைத்த விளக்கமே கிளாஸ்.

சிலர் முறுக்கு அச்சை உதாரணம் காட்டுவார்கள். அச்சு கிளாஸ், முறுக்கு ஆப்ஜெக்ட். இது பாதி தூரம்தான் உதவும். பிழிந்த முறுக்கு தட்டில் சும்மா கிடக்கும். ஆப்ஜெக்ட் தன் விவரங்களைத் தானே வைத்துக்கொண்டு, சொன்ன வேலையையும் செய்யும்.

பையனை என் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்து, இரண்டு ஃபோல்டர்களைத் தனித்தனி விண்டோக்களில் திறக்கச் சொன்னேன். ஒன்றைச் சிறிதாக்கினான். மற்றது அப்படியே இருந்தது. ஒன்றை நகர்த்தினான். மற்றது அசையவில்லை. ஆனால் மூடும் பட்டன் இரண்டிலும் ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது. "விண்டோ எப்படி இயங்க வேண்டும் என்ற விளக்கத்தைக் கிளாஸ் என்று வைத்துக்கொள். திரையில் தெரியும் இந்த இரண்டும் ஆப்ஜெக்ட்டுகள்" என்றேன்.

அடுத்து பைத்தான் மொழியில் வங்கிக் கணக்குக்கு ஒரு கிளாஸ் எழுதினோம். விவரம்: இருப்புத் தொகை. வேலை: பணம் எடுப்பது. அதிலிருந்து இரண்டு கணக்குகள் உருவாக்கினோம். ஒன்றில் 500 ரூபாய், மற்றதில் 2,000. இரண்டிலும் 700 எடுக்கச் சொன்னோம். முதல் கணக்கு "பணம் போதாது" என்றது. இரண்டாவது 1,300 மீதி காட்டியது. "கட்டளை ஒன்று, பதில் இரண்டு! இவ்வளவுதானா அங்கிள்?" என்று சிரித்தான். இவ்வளவுதான்.

இந்தச் சிந்தனை பிறந்ததும் இப்படித்தான். நார்வே நாட்டின் ஓஸ்லோவில் ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் என்ற இருவர், நிஜ உலக நடவடிக்கைகளைக் கம்ப்யூட்டரில் நடத்திப் பார்ப்பதற்காகச் சிமுலா என்ற மொழியை உருவாக்கினார்கள். கிளாஸ் என்பது 1967 இல் சிமுலா 67 மூலம் வந்தது. இதற்காக இருவருக்கும் 2001 ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தது. அவர்கள் தொடங்கியது பொருட்களிலிருந்து. நம் பாடங்கள் தொடங்குவது வரையறையிலிருந்து.

தேர்வுக்கு வரையறை வேண்டாமா என்று ஆசிரியர்கள் கேட்கலாம். வேண்டும். ஆனால் அது கடைசியில் வரட்டும்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் நீங்களும் இதை முயன்று பார்க்கலாம். பைத்தான் இலவசமாகவே கிடைக்கிறது. வீட்டில் உள்ள ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொண்டு இரண்டே கேள்விகள் கேளுங்கள். அதனிடம் என்ன விவரம் இருக்கிறது? அது என்ன செய்யும்? பதிலை எழுதி முடித்தால், உங்கள் முதல் கிளாஸ் பாதி தயார்.