மாட்டு வண்டியில் வந்த நூலகம் செல்போனில் வருகிறது!

1931-ம் ஆண்டு. மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு ஒரு மாட்டு வண்டி வந்தது. வண்டியில் நெல் இல்லை, வைக்கோல் இல்லை. அத்தனையும் புத்தகங்கள்!

எஸ்.வி.கனகசபைப் பிள்ளை என்பவர் ஏற்பாடு செய்த நடமாடும் நூலகம் அது. அதைத் தொடங்கி வைத்தவர், நூலக அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன். படிப்பவர் வரட்டும் என்று புத்தகம் காத்திருக்கவில்லை. படிப்பவரைத் தேடிப் புத்தகமே போயிற்று.

அந்த வேலையை இன்று செல்போன் செய்ய முடியும்.

காசு இல்லாமல் படிக்கலாம்

தமிழ் இணையக் கல்விக்கழகம் 2017-ல் "தமிழ் மின் நூலகம்" தொடங்கியது. ஆயிரக்கணக்கான பழைய நூல்கள் அதில் இருக்கின்றன. 1998 பொங்கலன்று தொடங்கிய "மதுரைத் திட்டம்" இன்னொன்று. இதில் தொண்டர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து கொடுக்கிறார்கள். இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

படமா, எழுத்தா?

புத்தகப் பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டால், சின்னத் திரையில் எழுத்து எறும்பு போலத் தெரியும். தட்டச்சு செய்த புத்தகம் அப்படி அல்ல. தாத்தாவின் கண்ணுக்கு ஏற்ப எழுத்தைப் பெரிதாக்கலாம். கண் தெரியாதவருக்குச் செல்போனே படித்துக் காட்டும். ஆகவே படம் மட்டும் போதாது, எழுத்தும் வேண்டும்.

புதுப் புத்தகம் ஏன் இல்லை?

எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு வரை நூலின் உரிமை அவர் குடும்பத்துக்கு உண்டு. இது சட்டம். அரசு நாட்டுடைமை ஆக்கிய நூல்களுக்கு இந்தத் தடை இல்லை. எனவே புதுப் புத்தகம் வேண்டுவோர் பெரும்பாலும் ஊர் நூலகத்துக்குத்தான் போகவேண்டும்.

பஸ்சுக்குக் காசு கொடுத்துப் போன பிறகு, "அந்தப் புத்தகம் வெளியே போயிருக்கிறது" என்றால் எப்படி இருக்கும்? புத்தகம் இருக்கிறதா, எப்போது திரும்பி வரும் என்பதைச் செல்போனிலேயே சொல்லிவிட்டால் அலைச்சல் மிச்சம். "வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து" என்பது ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று. அந்த நூல் வெளிவந்ததும் அதே 1931-ல்தான்!

வீட்டுக்கு ஒரு போன்

பல வீடுகளில் செல்போன் ஒன்றுதான். காலையில் அப்பா வேலைக்கு எடுத்துப் போகிறார். பரீட்சைக்குப் படிக்கும் மகள் கைக்கு அது வரும்போது இரவு மணி ஒன்பது. செல்போன் வந்துவிட்டது என்று நூலகத்தை மூடினால், நஷ்டம் அந்தப் பெண்ணுக்குத்தான்.

நூலகத்தில் இலவச இணைய வசதி வேண்டும். அங்கேயே புத்தகத்தை இறக்கிக்கொண்டால், பிறகு வீட்டில் இணையம் இல்லாமலே படிக்கலாம். எப்படித் தேடுவது, எப்படி இறக்குவது என்று நூலகர் பொறுமையாகச் சொல்லித் தரவேண்டும். சொத்து வரியோடு நூலக வரியும் மக்கள் கட்டுகிறார்கள். இதைக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு.

வண்டி மாறலாம். ஓட்டுபவர் இல்லாமல் எந்த வண்டியும் ஊர் போய்ச் சேராது.